உடன் தங்கும் ஆள்

லோனி ஸ்டாம்பருக்கு ஈரல் கிடைக்குமா என்பது அந்த அக்டோபரில் மூன்று காரியங்களைப் பொறுத்திருந்தது. முதலாவது, இதயமும் நுரையீரலும் அறுவையைத் தாங்க வேண்டும். தாங்கும் என்று எழுதியாகிவிட்டது. இரண்டாவது, அவர் குடியை விட்டிருக்க வேண்டும். விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரத்தப் பரிசோதனைகளும் அதையே சொல்லின. மூன்றாவது, அறுவை நடக்கும் மையம் வேறு மாநிலத்தில் இருந்ததால் அங்கே சில மாதங்கள் அவரோடு தங்கி, மாத்திரை எடுத்துக்கொடுத்து, காய்ச்சல் பார்த்து, வண்டி ஓட்ட ஓர் ஆள் வேண்டும். லோனியையும் அந்த ஆளையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசி, இவர்களை நம்பி ஓர் ஈரலைக் கொடுக்கலாமா என்று எழுதுகிற பொறுப்பு ஆட்ரா விங்க்லருக்கு வந்து சேர்ந்தது.

ஆட்ரா அந்தப் படைவீரர் மருத்துவமனையில் பயிற்சி உளவியலாளர். பட்டம் கைக்கு வருவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய ஒரு வருடப் பயிற்சி. நெப்ராஸ்காவிலிருந்து கென்டக்கிக்கு ஒரு பழைய காரில் வந்து இறங்கியிருந்தாள். அவளுக்குக் கிடைத்த பிரிவில் மனநோய் என்று யாரும் வருவதில்லை. சர்க்கரை, முதுகுவலி, தூக்கமின்மை, ஈரல் என்று உடம்பைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். பேச ஆரம்பித்து அரை மணி போனபிறகு மற்றது வரும். அவள் எழுதுவது எதுவானாலும் கீழே மேற்பார்வையாளரான டாக்டர் ஹாஸ்கெல் அம்மாள் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

லோனியை முதலில் பார்த்த அன்று முறைப்படி எல்லாவற்றையும் சொன்னாள். தான் இன்னும் டாக்டர் ஆகவில்லை, பேசுவது காமிராவில் பதிவாகும், மேற்பார்வையாளர் அதைப் பார்ப்பார், சம்மதமா?

"சம்மதந்தான். எனக்கு இது புதுசா என்ன? வருசா வருசம் வெயில் காலத்துல ஒரு செட்டு வந்து இறங்குவீங்க. எங்க மேல கத்துக்கிட்டு, தேறினதும் பெரிய ஊருக்குப் போயிருவீங்க. இதுவரைக்கும் நாலு பேரத் தேத்தி அனுப்பியிருக்கேன். நீங்க அஞ்சாவது."

"அப்ப என்னையும் நல்லாத் தேத்தி விடுங்க, ஸ்டாம்பர் சார்."

"பாப்போம். மண்டையில சரக்கு இருக்கணும்ல?"

ஐம்பத்தெட்டு வயது. கண்ணின் வெள்ளை பழுத்த இலை நிறத்தில் இருந்தது. கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் நீர் கோர்த்து முன்னால் நின்றது. ஈராக்கில் பெட்ரோல் லாரிகள் ஓட்டிய 'கம்பெனி' என்று சொல்லும் ஒரு தேசியக் காவல்படைப் பிரிவில் சார்ஜெண்டாக இருந்தவர். அந்தக் கம்பெனியில் இருந்தவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்து மலையூர்க்காரர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே தேவாலயம், ஒரே நிலக்கரிச் சுரங்கம்.

"ஆபரேஷன் முடிஞ்சு உங்ககூடத் தங்கப் போறது யாரு?"

"டெல்மர் காம்ஸ். என் டிரைவர்."

"உறவா?"

"அவன் ஓட்டின லாரியில பக்கத்து சீட்டுல ஒரு வருசம் உட்கார்ந்திருந்தேன். பின்னாடி டேங்க் நெறையப் பெட்ரோல். ரோட்டோரத்துல எவன் எந்தக் குண்டப் பொதச்சு வச்சிருக்கான்னு தெரியாது. அதுக்கு என்ன உறவுன்னு நீங்களே ஒரு பேரு வச்சு எழுதிக்குங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"தங்கச்சி இருக்கா, வெர்னா. லெக்சிங்டன்ல. கேட்டா வருவா. கேக்கல."

"ஏன் கேக்கல?"

"அதான் டெல்மர் இருக்கானேம்மா."

அடுத்த வாரம் டெல்மர் வந்தார். ஆட்ரா எதிர்பார்த்ததைவிட உயரம், எதிர்பார்த்ததைவிட ஒல்லி. சட்டை கழுத்துவரை பொத்தானிட்டு, எவர் கல்யாணத்துக்கோ வாங்கிய டையைக் கட்டியிருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கேள்வி வருமுன்பே பதில் சொன்னார்.

"மாத்திரை எல்லாம் மனப்பாடம், மேடம். வயித்துத் தண்ணி இறங்குற மாத்திரை காலையில. சிரப்பு மூணு வேள. அது குடிச்சா அவரு பாத்ரூமுக்கு ஓடுவாரு, ஆனா குடிக்கலேன்னா மூளைக்கு விஷம் ஏறிப் பேச்சு கொழறும். கொழறுனா ஒடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் நூறத் தாண்டுனா போன் பண்ணணும். அந்த ஊருக்கு ரெண்டு தடவ ஓட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். ஒரு தடவ வெயில்ல, ஒரு தடவ மழையில. ஆஸ்பத்திரி பார்க்கிங்ல என் வண்டி நுழையாது, உயரம் இடிக்குது. பின்னாடி சர்ச்சுக்காரங்ககிட்டக் கேட்டு வச்சிருக்கேன், அங்க விட்டுக்கலாம்னாங்க."

"வழிய வேவு பாத்துட்டு வந்திருக்கான்" என்றார் லோனி. "பழைய புத்தி."

"சமையல்?" என்றாள் ஆட்ரா.

"உப்பில்லாமச் செய்யக் கத்துக்கிட்டேன் மேடம். பீன்ஸ் சூப்பு, சோளரொட்டி..."

"அதச் சொல்லாத. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு ஒரு ரொட்டி போட்டான் பாருங்க, எங்க வீட்டு நாய் மோந்து பாத்துட்டு 'ஏசப்பா'ன்னு போயிருச்சு. ஈரல் வர்றதுக்குள்ள நாக்கு செத்துரும் எனக்கு."

"நாக்கு செத்தாப் பரவால்ல சார்ஜெண்டு. வயிறு இறங்கியிருக்கா இல்லியா?"

ஆட்ரா சிரித்தாள். சிரிக்கும்போதுதான் அந்த வாசனை எட்டியது. முதலில் புதினா மிட்டாய். அதற்கு அடியில் விஸ்கி. அறை சிறியது, சன்னல் திறக்காத வகை. அவள் குறிப்பெடுப்பதை நிறுத்தினாள். இந்த மாதிரி நேரத்தில் தெரிந்தும் தெரியாததுபோல் விட்டுவிடக் கூடாது, யாரையும் சுட்டிக்காட்டவும் கூடாது, பார்த்ததைப் பொதுவில் வைத்துப் பேச வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்படியே செய்தாள்.

"ஒண்ணு கேக்கணும். இந்த ரூம்ல மது வாசனை வருது. அதப் பத்தி நாம பேசலாமா?"

அவள் முடிப்பதற்குள் பதில் வந்தது.

"நான்தான்" என்றார் லோனி. "நேத்து. ரெண்டு வாய்."

டெல்மர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே முதுகு விறைத்து, எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தார்.

*

"வீடியோவுல வாசனை வராது, ஆட்ரா" என்றார் டாக்டர் ஹாஸ்கெல். பதிவை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார். திரையில் லோனி வாய் திறந்தபடி உறைந்து நின்றார். "யார் மேல இருந்து வந்துச்சு?"

"டெல்மர். லோனிய நான் கதவுல வச்சுக் கைகுடுத்துக் கூட்டிட்டு வந்தேன். அவர்கிட்ட சோப்பு வாசனைதான்."

"நிச்சயமா?"

"சத்தியம் பண்ணுற அளவுக்கு இல்ல. ஆனா நிச்சயம்."

"எப்படி எழுதப் போறே?"

"அவர் சொன்னத அவர் சொன்னதா. நான் நினைக்கிறத நான் நினைக்கிறதா."

"அப்படியே எழுது. ரத்தத்துக்கும் சொல்லிடு."

ரத்தம் சுத்தமாக வந்தது. ஒரு மாதத்துக்குள் குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் பரிசோதனை அது. ஒரு சொட்டும் காட்டவில்லை. ஈரல் நோயாளிகளின் கோப்புகளைக் கவனிக்கும் நர்ஸ் ட்வைலா தொலைபேசியில் சொன்னபோது ஆட்ராவுக்கு மூச்சு வந்தது. அது ஒரு நிமிடம்தான்.

"சந்தோஷப்படாதேம்மா" என்றார் ட்வைலா. "மையத்துல ஃபைல நிறுத்தி வச்சுட்டாங்க. ரத்த ரிப்போர்ட்டு குடிக்கலேங்குது, மனுசன் குடிச்சேங்கிறாரு. குடிச்சிருந்தா ஈரல் கெடையாது. குடிக்கலேன்னா ஏன் பொய் சொன்னாரு, யாருக்காகச் சொன்னாரு? கூட இருக்கப் போறவன் யோக்கியதை என்ன? இதத் தெளிவுபடுத்தி எழுதுங்க, அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஒரு ஈரலுக்குப் பின்னாடி எத்தன பேரு நிக்கிறாங்க தெரியுமா?"

ஆட்ரா லோனியைத் தனியாக வரச்சொன்னாள். டெல்மர் கீழே வண்டியில் காத்திருந்தார்.

"நீங்க குடிக்கல" என்றாள்.

லோனி காமிராவைப் பார்த்தார். "அது ஓடுதா?"

"ஓடுது. வேணாம்னா நிறுத்திடறேன்."

"நிறுத்துங்க."

நிறுத்தினாள். அவர் வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"எங்க பிளட்டூன்ல ஒரு வழக்கம் உண்டு. ஏதாச்சும் தப்பு நடந்து லெப்டினென்ட் வந்து யாருடான்னு கேட்டா, நான் கையத் தூக்கிருவேன். எனக்கு என்ன பெரிய தண்டனை? காது கிழியக் கத்துவாரு. அவ்வளவுதான். பையன்னா கைப்பட்டையப் புடுங்கிப் பதவிய இறக்குவாங்க, சம்பளத்த வெட்டுவாங்க. நான் கையத் தூக்கிட்டா மத்தவன் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா நான் வாங்குன ஏச்சு வீணாப் போயிரும்ல? அதான் அவன் சும்மா இருந்தான். அவன் மேல கோவிச்சுக்காதீங்க."

"இங்க வெறும் ஏச்சு இல்லையே, சார்."

"தெரியுது. சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க கேட்டீங்க, கை தானாத் தூக்கிருச்சு."

"அப்ப திருத்திச் சொல்லிடலாம். நான் எழுதறேன். வெர்னா முதல் ஆளா வரட்டும். டெல்மருக்கு இங்கேயே வைத்தியம் ஏற்பாடு பண்ணறோம். அவர் ரெண்டாவது ஆளா இருக்கலாம். மையம் ஒத்துக்கும். இந்த மாதிரி முன்னாடி நடந்திருக்கு."

"அவன எடுத்துருங்கன்னு நேரா சொல்லுங்களேன்."

"எடுக்கச் சொல்லல..."

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. அவன் எட்டு மாசமாத் தொடல. அன்னைக்கு மட்டும்தான். ஏன் தெரியுமா? உங்களப் பாக்கப் பயந்துக்கிட்டு. டாக்டர் கேக்குறதுக்குத் தப்பாச் சொல்லி சார்ஜெண்டு ஈரலக் கெடுத்துருவேனோன்னு பயந்து, உங்க பார்க்கிங்ல வச்சு ரெண்டு முழுங்கு முழுங்கியிருக்கான்."

ஆட்ரா பேனாவை மூடி வைத்தாள்.

"அங்க செத்தவங்கள விட எங்க கம்பெனியில இங்க திரும்பி வந்து செத்தவங்க அதிகம். தானாச் செத்தவங்க. ஒவ்வொரு சவப்பொட்டி மேலயும் போர்த்துன கொடிய மடிச்சு அவன் பொண்டாட்டி கையிலயோ அம்மா கையிலயோ குடுத்திருக்கேன். போன ஜனவரியில டெல்மர் ஓடையோரமாத் துப்பாக்கிய மடியில வச்சு உட்கார்ந்திருந்தான். அவன் அண்ணன் பொண்டாட்டி போன் பண்ணிச்சு. நான் போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். சொல்லக்கூடிய புத்திமதி எதுவும் எங்கிட்ட இல்ல. 'டேய், எனக்கு ஈரல் போச்சு. கூட இருக்க ஆளில்ல'ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் துப்பாக்கிய என் கையில குடுத்துட்டு, 'எப்பப் போகணும் சார்ஜெண்டு'ன்னு கேட்டான். அதுலேருந்து அவனுக்கு அதான் வேல. காலையில எந்திரிக்கிறதே அதுக்குத்தான். அத இப்ப நான் புடுங்கவா?"

"துப்பாக்கி எங்க இருக்கு?"

"வெர்னா வீட்டுல. அவன் கைக்கு எட்டாது. உங்க கேள்விக்கு அது பதில். ஆனா ஓடை அங்கேயேதான் இருக்கு."

"டெல்மர்கிட்ட நான் பேசறேன். பக்குவமாச் சொல்றேன்."

"கூடாது." முதல்தடவையாக அவர் குரல் சார்ஜெண்ட் குரலாயிற்று. "அவனாலதான் ஃபைலு நிக்குதுன்னு ஒரு வார்த்த அவன் காதுக்குப் போகக் கூடாது. என் அனுமதி இல்லாம என் விசயத்த நீங்க யார்கிட்டயும் சொல்ல முடியாது. மொதநாளு நீங்கதான் படிச்சுக் காட்டுனீங்க."

"சரி. அப்ப மையத்துக்கு என்ன சொல்றது?"

"குடிச்சேன்னே இருக்கட்டும். மறுபடி ஆறு மாசம் குடிக்காம இருந்து காட்டச் சொல்வாங்க, காத்திருக்கேன். அதுக்குள்ள அவன் கெட்டியாயிருவான்."

"உங்க உடம்பு ஆறு மாசம் தாங்குமான்னு..."

"தாங்காதா?"

"எனக்குத் தெரியாது, சார். டாக்டர்களும் தெரியாதுன்னுதான் சொல்றாங்க."

"தெரியாதுன்னா பாதிக்குப் பாதி. அதவிட மோசமான ரோட்டுல போயிருக்கோம்" என்று சொல்லி, நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

ஹாஸ்கெலிடம் ஆட்ரா கிட்டத்தட்ட அழுதாள். ஹாஸ்கெல் கேட்டதெல்லாம் ஒன்றே: அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா, சிரப்பு சரியாகக் குடிக்கிறாரா, செய்வது என்ன என்று தெரிந்து செய்கிறாரா? தெரிந்துதான் செய்கிறார் என்றாள் ஆட்ரா. "அப்ப அது அவர் முடிவு. நமக்குப் பிடிக்கலேங்கறது ஒரு காரணம் இல்ல. அவர் குடிச்சதா நாம எழுத மாட்டோம், அது உண்மை இல்ல. தெளிவு பண்ண மறுக்கிறார்னு எழுது. டெல்மரும் படைவீரர்தானே, வேற டாக்டர் மூலமா அவருக்கே ஒரு நேரம் குடுத்துக் கூப்பிடலாம். அதுக்கு லோனியோட அனுமதி வேண்டியதில்ல."

கூப்பிட்டார்கள். இரண்டு முறை. சார்ஜெண்டைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கிறது, அவர் ஆபரேஷன் முடியட்டும் வருகிறேன் என்று டெல்மர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

*

நவம்பர் வந்தது. படைவீரர் தினத்தன்று அந்தப் பக்கத்து ஓட்டல்களில் பழைய சிப்பாய்களுக்குச் சாப்பாடு இலவசம். கம்பெனியில் மிஞ்சியவர்கள் நெடுஞ்சாலையோரம் ஒரே ஓட்டலில் அன்றைக்கு வருடந்தோறும் கூடுவார்கள். யார் யார் இருக்கிறார்கள் என்று தலை எண்ணுவது லோனி. போகவேண்டாம் என்று டெல்மர் சண்டை போட்டிருக்கிறார். வண்டிச் சாவியைக்கூட ஒளித்து வைத்திருக்கிறார். "எண்ணாம விட்டா எவனாவது ஒருத்தன் கொறஞ்சிருவான்டா" என்று சொல்லி லோனி நடந்தே கிளம்பவும், வேறு வழியில்லாமல் ஓட்டிக்கொண்டு போனார். அங்கே உப்புப்போட்ட பன்றித்தொடை, மாவுக் குழம்பு, பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டி. எல்லோரும் சாப்பிடும்போது தலைவர் சும்மா இருக்க முடியுமா?

உப்பு ஒரு சாக்கு. வயிற்று நீரில் கிருமி எப்போதோ இறங்கியிருந்தது. அந்த வார இறுதிக்குள் காய்ச்சல். டெல்மர் நூறைத் தாண்டக் காத்திருக்கவில்லை. அவசர சிகிச்சை வாசலில் வண்டியை நிறுத்தி, லோனியைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

ஆட்ரா வார்டுக்குப் போனபோது டெல்மர் நடைவழியில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். கோப்பை கையில் இருந்தது, குடிக்கவில்லை. வாயில் காப்பி வாசனையைத் தவிர எதுவும் இல்லை.

"மேடம், ஒரு சந்தேகம். ஈரலுக்குக் காத்திருக்கிறவங்க லிஸ்ட்டுல அவரு எத்தனாவது ஆளு?"

"அத நான் சொல்ல முடியாது, டெல்மர்."

"உள்ள வந்த டாக்டர்கிட்ட, இவரு லிஸ்ட்டுல இருக்காரு, சீக்கிரம் மையத்துக்குச் சொல்லுங்கன்னேன். அந்தாளு கம்ப்யூட்டரப் பாத்துட்டு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. லிஸ்ட்டுலயே இல்லீங்களா அவரு?"

"அவர் சம்மதம் இல்லாம நான் எதையும்..."

"அன்னிக்கு ரூம்ல வாசன அடிச்சுதே. அதனாலயா?"

ஆட்ரா வாயைத் திறந்தாள். 'இல்லை' என்பதும் சொல்லக் கூடாதது, 'ஆமாம்' என்பதும் சொல்லக் கூடாதது. பயிற்சியில் இதற்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: அப்படி ஒருவர் எங்களிடம் வருகிறார் என்றோ வரவில்லை என்றோ என்னால் சொல்ல இயலாது. உள்ளே படுத்திருக்கிறவரைப் பற்றி, அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடம், அந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

"இல்லேன்னா இல்லேன்னு சொல்லலாம்ல மேடம். ஒரு வார்த்த. ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

டெல்மர் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு கோப்பையைக் குப்பைத்தொட்டிக்குள் கவனமாக, சிந்தாமல் வைத்தார்.

"ரெண்டு ஏச்சோட போயிரும்னு நெனச்சேன்" என்றார். "எங்க போய்ச் சொல்லணும்? யாருகிட்ட?"

ஹாஸ்கெலின் அறையில், ட்வைலாவின் முன்னிலையில், நின்றபடியே சொன்னார். பார்க்கிங்கில் குடித்தது, புதினா மிட்டாய் வாங்கியது, சார்ஜெண்ட் கை தூக்கியபோது பேசாமல் இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாக. உட்காருங்கள் என்று இரண்டு முறை சொன்னார்கள். உட்காரவில்லை. ஜனவரியைப் பற்றி ஹாஸ்கெல் கேட்டபோது அதையும் மறைக்கவில்லை. இப்போது அந்த எண்ணம் உண்டா என்று கேட்டதற்கு, "அதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல மேடம். மொதல்ல அவரு தங்கச்சிக்குப் போன் போடுங்க" என்றார்.

வெர்னா அன்று மாலையே காரில் வந்துவிட்டாள். ட்வைலா கோப்பைத் திருத்தி அனுப்பினார். ஆட்ரா எழுதியதில் ஹாஸ்கெல் ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். மையத்தில் குழு கூடி, தடை நீங்கியது, முதல் ஆளாகத் தங்கை இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியது. அந்தச் செய்தி வந்த நேரத்தில் லோனியின் சிறுநீரகங்கள் நின்றிருந்தன. கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. ஒரு நாள் பொறுத்து மையத்திலிருந்து ஒரு டாக்டர் நேரடியாகவே பேசினார். இந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது, கிருமி இறங்கினால் பார்க்கலாம் என்றார். இறங்கவில்லை.

லோனியை, இனி வைத்தியம் இல்லை என்றானவர்களுக்கான கடைசி வார்டுக்கு மாற்றினார்கள். அது ஒரு மூலையில், மேப்பிள் மரங்களைப் பார்த்தபடி இருக்கும். மரங்களில் அப்போது இலை ஒன்றும் இல்லை. ஈரல் பகுதியில் ஆட்ராவின் முறை முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. அங்கே அவளுக்கு இனிச் செய்ய வேண்டிய மதிப்பீடு எதுவும் இல்லை. இருந்தும் போனாள்.

டெல்மர் லோனிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, பிளேடை நீரில் நனைத்து நனைத்து, ஒரு கீறலும் விழாமல். வெர்னா சாப்பிடக் கீழே போயிருந்தாள்.

"அஞ்சாவது ஆளு வந்துருச்சு" என்றார் லோனி. குரல் காய்ந்திருந்தாலும் புத்தி தெளிவாகவே இருந்தது. "தேறிட்டீங்களா?"

"இன்னும் இல்ல, சார்."

"இவன் என்ன பண்ணினான் தெரியுமா? வாயத் தொறந்துட்டான். எத்தன வருசம் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"பேசாதீங்க சார்ஜெண்டு, பிளேடு இருக்கு" என்றார் டெல்மர்.

சவரம் முடிந்தது. டெல்மர் துண்டை நனைத்து நுரையைத் துடைத்தார். அவர் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு லோனி ஆட்ராவைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க. இவன் ராத்திரி பூரா உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கான். ஃபைலு நிக்காம இருந்திருந்தா, ஆபரேஷன் அக்டோபர்லயே நடந்திருந்தா என்னன்னு. நான் சொல்றேன், அப்பவே கிருமி உள்ள இருந்திருக்கும், கத்தி வச்சிருந்தா மேசையிலயே போயிருப்பேன்னு. நம்ப மாட்டேங்கிறான். படிச்சவங்க சொன்னாக் கேப்பான். அந்தத் தாமதத்தால ஒண்ணும் ஆயிரல, இல்லியா?"

டெல்மர் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்ராவுக்குப் பதில் தெரியும். யாருக்கும் தெரியாது என்பதுதான் பதில். அக்டோபரில் ஓர் ஈரல் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். வந்திருந்தால் அவர் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. நோயாளியிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அவள் படித்த எல்லாப் புத்தகங்களிலும் இருந்தது. லோனி அவளையே பார்த்தார். மஞ்சள் கண்களில் கெஞ்சல் இல்லை, உத்தரவு இருந்தது.

"ஆயிரல" என்றாள். "கிருமி முன்னாடியே இருந்திருக்கும். அக்டோபர்ல பண்ணியிருந்தாலும் இப்படித்தான் முடிஞ்சிருக்கும்."

"கேட்டியாடா?" என்று சொல்லி லோனி கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டேன் சார்ஜெண்டு."

கொஞ்ச நேரத்தில் லோனி தூங்கிப்போனார். டெல்மர் அழுக்கு நீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆட்ராவும் கூடவே வந்தாள். கழுவும் தொட்டியில் நீரைக் கொட்டி, கிண்ணத்தை இரண்டு தடவை அலசினார்.

"நல்லாத்தான் சொன்னீங்க மேடம்" என்றார். "கண்ணு மட்டும் கொஞ்சம் தரையப் பாத்துருச்சு. அவரு கவனிக்கல."

"டெல்மர், என் ஈரல் வார்டு வேலை இந்த வாரத்தோட முடியுது. அடுத்த மாசத்துலேருந்து நான் கீழ்மாடியில, வேற கிளினிக்குல. வியாழக்கிழமை ஒரு மணி நேரம் உங்களுக்காக எடுத்து வச்சிருக்கேன். காமிரா இருக்காது. வர்றீங்களா?"

அவர் கிண்ணத்தைத் துடைத்தார். உள்ளே லோனியின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. டெல்மர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்ப்பவர்போல.

"சார்ஜெண்டு இருக்கிற வரைக்கும் எனக்கு இங்க வேல இருக்கு" என்றார். "அப்புறமாக் கேளுங்க."

கிண்ணத்தோடு உள்ளே போனார். கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை. அது மெதுவாக மூடும்வரை ஆட்ரா அங்கேயே நின்றிருந்தாள்.